பீங்கானியலில் மணி, மாசு, நிலைப்பு: மூன்று கலைச்சொற்கள் குறித்த ஆய்வு

1. முன்னுரை

மும்பையில் செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலார், கிளைசின், நைட்ரேட்டு ஆகியவற்றின் கலவையை எரித்துச் சீரியம் ஆக்சைடின் மீநுண் தூளை ஆக்கும் முறை பற்றி 2001-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இத்தகைய தூள்களில் உள்ள படிகங்கள் நானோமீட்டர் அளவின. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தூளை ஆக்குவதோடு பணி முடிவதில்லை. அதனை அழுத்தி, உலையில் சுட்டுத் திண்மப் பீங்கானாக்கும்போது அந்நுண்மையைக் காப்பது அரிது. அதற்குத் துணையாவன சிற்றளவில் சேர்க்கப்படும் வேற்றுப் பொருள்கள். இவற்றின் செயலைத் தமிழில் விளக்க முற்படுவோர் மூன்று சொற்களில் இடர்ப்பட நேர்கிறது. அவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. மணி பருத்தல்

சுட்ட பீங்கான் எண்ணற்ற படிகங்களின் செறிவு. ஒவ்வொரு படிகமும் ஒரு ‘மணி’. அது நெல்மணி போல் தனித்து உதிர்வதன்று. மாதுளை முத்துகள் போல் ஒன்றையொன்று நெருக்கி, முகம் பொருந்தி நிற்பது. இரு மணிகள் பொருந்துமிடம் மணியெல்லை. அங்குள்ள அணுக்கள் ஒழுங்கு குலைந்தவை. ஆதலின் எல்லைப் பரப்பு மிகை ஆற்றல் உடையது. வெப்பம் ஏறும்போது பெரிய மணிகள் சிறியவற்றை விழுங்க, எல்லைப் பரப்பு குறைகிறது. 10 நானோமீட்டர் மணியில், எல்லையின் தடிப்பு 1 நானோமீட்டர் எனக் கொண்டால், கன அளவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எல்லையே ஆகும். எனவே நுண்மணிகளில் இவ்வுந்துதல் மிகுதி.

இதனை ‘மணிப் பெருக்கம்’ எனல் பிழை. பெருக்கம் எண்ணிக்கை மிகுதலை உணர்த்தும். இங்கோ எண்ணிக்கை குறைகிறது. ‘வளர்ச்சி’ என்பது புறத்திலிருந்து பொருள் வந்து சேர்வதாக எண்ணச் செய்யும். மொத்தப் பொருளோ மாறுவதில்லை. ‘பருத்தல்’ என்பது அளவு மிகுதலை மட்டும் சுட்டுவதால் பொருத்தமுடையது.

3. மாசா, ஊட்டுபொருளா?

குறைகடத்திகளில் வேற்றணு சேர்ப்பதைத் தமிழகப் பாடநூல்கள் ‘மாசூட்டல்’ என்கின்றன. அச்சொல்லைப் பீங்கானியலுக்கும் அப்படியே கொள்ளலாமா என்பது வினா.

அலுமினாவைச் சுடும்போது மணிகள் விரைந்து பருத்தால், நுண்துளைகள் மணிகளுக்குள் சிறைப்பட்டுவிடும். பொருள் ஒளியைச் செலுத்தாது. நூற்றில் அரைப் பங்குக்கு மேற்படாத மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் இக்குறை நீங்குவதை, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இராபர்ட் கோபிள் 1950-களின் பிற்பகுதியில் கண்டார். ஒளி ஊடுருவும் அந்த அலுமினாவே உயரழுத்தச் சோடிய ஆவி விளக்கின் குழாயாயிற்று. பல நகரச் சாலைகளுக்கு நெடுங்காலம் பொன்னிற ஒளி தந்தது அவ்விளக்கு. அவ்வொளியைச் சாத்தியமாக்கிய பொருளை ‘மாசு’ என்று படிக்கும் மாணவர், அதனை நீக்கவேண்டிய அழுக்கு என்றே கொள்வர். களிமண் வெடிக்காதிருக்க மணல் கலக்கும் குயவர், தாராவியின் கும்பார்வாடாவிலாயினும் தமிழகச் சிற்றூரிலாயினும், அதனை மாசென எண்ணார்.

மேலும், மாசு என்னும் சொல் இத்துறைக்கு வேறு பொருளில் தேவைப்படுகிறது. மூலப்பொருளோடு வேண்டாது வந்து புகும் சிலிக்கா போன்றவையே மாசுகள். இவை அலுமினாவில் சில மணிகளை மட்டும் அளவிறந்து பருக்கச் செய்யவல்லவை. இரண்டுக்கும் ஒரே சொல் வழங்கினால் நோயும் மருந்தும் ஒன்றாகிவிடும்.

‘தடுப்பான்’ என்னும் சொல்லும் ஏற்புடைத்தன்று. டைட்டேனியம் ஆக்சைடு அலுமினா மணிகளைப் பருக்கவே செய்யும். யுரேனியம் ஆக்சைடு எரிபொருளில் குரோமியம் ஆக்சைடு சேர்ப்பதும், பிளவு வாயுக்களை உள்ளடக்கும் பெருமணிகளைப் பெறவே. ஆதலின் மாசூட்டலிலுள்ள ‘ஊட்டு’ என்னும் வினையை மட்டும் கொண்டு ‘ஊட்டுபொருள்’ என வழங்கலாம். வினைத்தொகையாதலின் வல்லினம் மிகாது; நன்மை தீமை என்னும் சார்பும் இல்லை.

4. இருவகை நிலைப்பு

ஊட்டுபொருள் மணி பருத்தலைத் தடுக்கும் வழிகள் முக்கியமாக மூன்று. படிகத்துள் பொருந்தாத அயனிகள் எல்லையில் குழுமுகின்றன. எல்லை நகரும்போது அவற்றையும் இழுத்துச் செல்ல வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. கரையாது எஞ்சியவை சிறு துகள்களாகி, ஆப்புப் போல் எல்லையைப் பிணிக்கின்றன. மூன்றாவதாக, குழுமிய அயனிகள் எல்லையின் மிகை ஆற்றலையே குறைக்கின்றன. முன்னிரண்டும் பருத்தலைத் தாமதப்படுத்துவன. மூன்றாவது, பருக்கும் உந்துதலையே தணிப்பது. மூலம் எதனைக் கருதுகிறதென அறிந்து, முன்னவற்றைத் ‘தடைநிலைப்பு’ என்றும், பின்னதை ‘ஆற்றல் நிலைப்பு’ என்றும் வேறுபடுத்துதல் நலம்.

சிர்கோனியா இரண்டாவது எச்சரிக்கை தருகிறது. தூய சிர்கோனியா குளிரும்போது, படிக வடிவம் மாறி, கன அளவில் 4 முதல் 5 விழுக்காடு விரிந்து வெடிக்கும். சுமார் 3 மோல் விழுக்காடு இட்ரியம் ஆக்சைடு ஊட்டினால் உயர்வெப்ப வடிவம் அறை வெப்பத்திலும் எஞ்சும். மணி ஏறத்தாழ 30 நானோமீட்டருக்குக் கீழிருப்பின், ஊட்டாமலேயே அவ்வடிவம் நிலைப்பதை 1965-இல் கார்வி விளக்கினார். மணி பருத்தால் அந்நிலைப்பு போய்விடும். ஆகவே அளவின் நிலைப்பும் வடிவத்தின் நிலைப்பும் வெவ்வேறு. ஒன்று மற்றொன்றைத் தாங்குகிறது. வெறுமனே ‘நிலைத்தன்மை’ என எழுதினால் இத்தொடர்பு மறைந்துவிடும்.

5. முடிவுரை

ஒரு துறையில் நிலைபெற்ற கலைச்சொல்லை மறுதுறைக்கு எடுத்துச் செல்லுமுன், அச்சொல் தாங்கிய மதிப்பீடும் உடன் செல்கிறதா என ஆராய்தல் வேண்டும். குறைகடத்தியியலில் மாசூட்டல் வேரூன்றிவிட்டது. அதனை மாற்ற வேண்டுவதில்லை. பீங்கானியலில் தமிழ் நூல்கள் இனிமேல்தான் பெருக வேண்டும். தொடக்கத்திலேயே மணி பருத்தல், ஊட்டுபொருள், இருவகை நிலைப்பு என்பவற்றை வரையறுத்துக்கொண்டால், பின்வருவோர் சொல்லைத் திருத்துவதில் பொழுது போக்காது பொருளை ஆராயலாம்.