மாடி விமானத்தில் பெட்டிகள் எங்கே போகின்றன?

ஒரு மாடி வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீழே ஒரு குடும்பம், மாடியில் ஒரு குடும்பம். தட்டுமுட்டுச் சாமான்களைப் போட்டுவைக்க வீடு முழுவதற்கும் ஓர் அறைதான். ஏ-380 என்னும் இரண்டடுக்கு விமானத்தின் நிலையும் இதுவே.

ஏர்பஸ் நிறுவனத்தின் இவ்விமானம் 2007-இல் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கியது. 2021-இல் உற்பத்தி நின்றுவிட்டாலும் பல விமானங்கள் இன்றும் பறக்கின்றன. இரண்டு தளங்களிலும் பயணிகள் அமர்ந்திருப்பார்கள். அவர்களுடைய பெட்டிகள் செல்வது இரண்டுக்கும் அடியில், விமானத்தின் வயிற்றிலுள்ள சரக்கறையில்.

பெட்டிகளை அங்கே ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவதில்லை. விமான நிலையத்திலேயே எல்.டி.3 எனப்படும் கொள்கலன்களில் அடுக்கிவிடுகிறார்கள். கொள்கலனின் கீழ் மூலை ஒன்று சாய்வாக வெட்டப்பட்டதுபோல் இருக்கும். விமானத்தின் உடல் வளைவானதல்லவா? அந்த வளைவோடு ஒட்டி உட்காரவே இந்தச் சாய்வு. சரக்கறையின் தரையில் உருளைகள் உண்டு. ஆகவே ஒன்றரை டன் சுமைகூட எளிதாக உருண்டு தன் இடத்தை அடையும். உருள் உராய்வு மிகச் சிறியது என்று பாடத்தில் படித்திருப்பீர்களே, அதுதான் இங்கே வேலை செய்கிறது.

ஏ-380-இல் இத்தகைய கொள்கலன்கள் 38 வைக்கலாம். ஒரே தளமுள்ள போயிங் 777-300 இ.ஆர். விமானத்திலோ 44 வைக்கலாம்! பெரிய விமானத்தில் இடம் குறைவதேன்?

இரண்டிலும் கொள்கலன்கள் இரண்டிரண்டாகவே நிற்கின்றன. எனவே நீளம்தான் முக்கியம். ஏ-380-இன் நீளம் 72.7 மீட்டர், போயிங்கின் நீளம் 73.9 மீட்டர். மாடி கட்டினால் உயரம் கூடுமே தவிர நீளம் கூடாது. ஆனால் எடை கூடும். போயிங் 351 டன் வரை எடையுடன் எழும்பும். ஏ-380 சுமார் 575 டன். அந்த எடையைத் தாங்கப் போயிங்கைப்போல் 14 சக்கரங்கள் போதா, 22 வேண்டும். இறக்கையும் பெரிதாக வேண்டும். இறக்கைகள் உடலோடு சேரும் இடமும், மடங்கிய சக்கரங்களும் வயிற்றின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. மாடியில் ஏறிய பயணிகள் தங்கள் பெட்டிக்கான இடத்தைத் தாங்களே குறைத்துவிட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம்!

சரி, இடம் போதுமா? கணக்குப் போடுவோம். பல நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. வரை அனுமதிக்கின்றன. 75, 50, 33 என்று கொண்டால் கன அளவு சுமார் 0.124 கன மீட்டர். கொள்கலனின் கொள்ளளவு ஏறத்தாழ 4.3 கன மீட்டர். வகுத்தால் 35 பெட்டிகள். இடைவெளிகளில் சிறிது இடம் வீணாகும்; ஆனால் எல்லோரும் இவ்வளவு பெரிய பெட்டி கொண்டுவருவதில்லை. பெட்டிக்கு 23 கிலோ என்றாலும் 805 கிலோதான். கொள்கலன் சுமார் 1,580 கிலோ வரை தாங்கும். ஆக, எடைக்கு முன்னால் இடம்தான் தீர்ந்துபோகிறது.

இவ்விமானத்தில் அதிகபட்சம் 853 பயணிகள் செல்லலாம் என்று அனுமதி உண்டு. ஆளுக்கு இரண்டு பெட்டி என்றால் 1,706 பெட்டிகள். 49 கொள்கலன்கள் தேவை. இருப்பதோ 38! நல்லவேளை, எந்த நிறுவனமும் 853 இருக்கைகள் போடவில்லை. எமிரேட்ஸ் நிறுவனம் 2015-இல் 615 இருக்கைகள் வைத்தது. அதற்கு எத்தனை கொள்கலன்கள் வேண்டும், வெளிச் சரக்குக்கு எத்தனை மிஞ்சும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.