ஊர்வலமும் உரிமமும்

சட்டநூலைத் தமிழாசிரியர் தொடுதல் மிகையென்பர் சிலர். ஆயின், மக்கள் ஒரு சட்டத்தை அறிவது அதன் மூலமொழியால் அன்று. தம் மொழியில் அதற்கு வழங்கும் சொல்லால் ஆகும். பொதுக்கூட்டம், ஊர்வலம் ஆகியவை பற்றிய விதிகளில் அத்தகைய சொல் ஒன்று பொருள் திரிந்து வழங்குதலை ஈண்டு ஆராய்வாம்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துறையூரில், இலக்கிய மன்றம் ஒன்று திருவள்ளுவர் நாளன்று கடைத்தெரு வழியே ஊர்வலம் செல்ல விரும்புகின்றது எனக் கொள்வோம். மன்றத்தார் முதற்கண் செய்வது காவல் நிலையத்திற்கு மனு எழுதுதல். அம்மனுவின் தலைப்பு 'அனுமதி வேண்டுதல்' என்றே இருக்கும். கோயில் விழாக் குழுவினரும் தொழிற்சங்கத்தாரும் கட்சியினரும் எழுதுவதும் அவ்வாறே. அனுமதியாவது, ஒரு பொருளை உடையான் அதனை இல்லான் துய்க்குமாறு இசைதல். நம் தோட்டத்துட் பிறர் புக நாம் தருவது அனுமதி. தெரு எவருடைய தோட்டம் என்பதே வினா.

தமிழ்நாட்டு மாவட்டங்களில் இவ்வகையில் பெரிதும் எடுத்தாளப்படுவது 1861ஆம் ஆண்டுக் காவற்சட்டத்தின் 30ஆம் பிரிவு. அதன் முதல் உட்பிரிவு, பொதுச்சாலைகளில் நிகழும் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் நெறிப்படுத்தவும், ஊர்வலம் செல்லும் வழியையும் நேரத்தையும் வரையறுக்கவும் காவல் துறையின் மாவட்ட அதிகாரிக்கு ஆற்றல் அளிக்கின்றது. ஈண்டு விண்ணப்பம் என்ற பேச்சே இல்லை. இரண்டாம் உட்பிரிவிலேதான் அது வருகின்றது. அதுவும் ஒரு நிபந்தனையோடு வருகின்றது. கட்டுப்பாடின்றி விட்டால் அமைதி குலையக்கூடும் என மாவட்டத்தின் அல்லது கோட்டத்தின் நடுவர் கருதுமிடத்து, கூட்டுவோர் விண்ணப்பிக்க வேண்டும் என அறிவிப்பு வெளியிடலாம் என்பதே அதன் கருத்து. அறிவிப்பு முன்னது, விண்ணப்பம் பின்னது. இம்முறை நடைமுறையில் தலைகீழாகி, எக்காலத்தும் எவரும் விண்ணப்பித்தே தீரவேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது.

விண்ணப்பித்தார்க்கு அப்பிரிவு வழங்கச் சொல்வது 'லைசென்சு'. இதற்கு ஆட்சித்தமிழ் கொண்ட சொல் உரிமம்; ஓட்டுநர் உரிமம் என்பதில் நாம் நாளும் காண்பது. உரிமை என்னும் சொல்லோடு ஓரடியிற் பிறந்த இச்சொல்லை விடுத்து, ஊர்வலத்திற்கு மட்டும் அனுமதி என்று எழுதியது எக்காரணத்தாலோ! நிபந்தனைகளின்படி மட்டுமே அது நடைபெற 'அனுமதிக்கப்படும்' என்னும் பொருள்படும் வினை மூன்றாம் உட்பிரிவில் வருவது உண்மையே. ஆயினும் அவ்வினை நிபந்தனைகளைத் தழுவி நிற்கின்றதேயன்றி, கூடும் உரிமையைப் புதிதாகப் படைத்துத் தருவதாக நிற்கவில்லை. உரிமத்திற்குக் கட்டணம் பெறலாகாது என்று அப்பிரிவே விலக்கியிருத்தலும் இதற்குத் துணையாகும்.

வழக்குமன்றங்களும் இவ்வழியே சென்றுள்ளன. சமய ஊர்வலங்கள் பொதுத்தெருவில் இசையோடு செல்லலாமா என்னும் வழக்குகளில், சென்னை உயர்நீதிமன்றம் 1880களிலேயே தெரு அனைவர்க்கும் பொது என்னும் கொள்கையை நிறுவியது. 1924இல் இலண்டன் பிரிவி கவுன்சில், பிறர் போக்குவரவுக்கு இடையூறின்றியும் நடுவரின் முறையான ஆணைகட்கு உட்பட்டும், எச்சமயத்தாரும் ஊர்வலம் செல்ல உரியர் என்றது. இவை நடந்து செல்லும் ஊர்வலத்தைப் பற்றியவை. தெருவில் நின்று நடத்தும் கூட்டத்திற்கோ இத்துணைத் தெளிவு அன்று இல்லை. அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு, படைக்கலமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்கட்கு அளித்த பின்னரே அது தெளிவுற்றது. அகமதாபாத்து நகரிலிருந்து வந்த இமத்லால் ஷா வழக்கில் 1972இல் உச்சநீதிமன்றம், தெருக்கூட்டங்களை அரசு ஒழுங்குபடுத்தலாம். ஆயின் வரம்பேதும் கூறாது அதிகாரியின் விருப்பத்திற்கே விட்டுவிடும் விதி செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

ஒழுங்குபடுத்தல் வேறு, தடுத்தல் வேறு என்பதற்குத் தமிழிலக்கியத்திலும் சான்றுண்டு. மணிமேகலையின் விழாவறை காதையில், யானைமேல் முரசேற்றி இந்திர விழாவை அறிவிப்போன் தெருக்களிற் புதுமணல் பரப்பவும் தோரணம் நாட்டவும் சொல்வதோடு அமையவில்லை. விழா நிகழும் 28 நாளும் பகைவரிடத்துச் சினமும் பூசலும் இன்றி விலகிச் செல்லுமாறும் சொல்கின்றான். கூடுவார்க்கு விதித்த நெறியாகவே அதனை நாம் கொள்ளலாம்; 'கூடற்க' என்னும் ஆணை அங்கில்லை.

இன்றைய சட்டத்தில் முன்னரே தடுக்கும் ஆற்றல் பிறிதோரிடத்து உள்ளது. குற்ற நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவாயிருந்து, 2024 சூலை 1 முதல் புதிய சட்டத்தின் 163ஆம் பிரிவாகிய அது, உடனடித் தேவைக்கு உரியது. நடுவர் அதனை எழுத்தில், காரணங்காட்டி இடல் வேண்டும். இரு திங்களுக்குமேல் அது நில்லாது. மாநில அரசு நீட்டித்தால் மேலும் ஆறு திங்கள்வரை செல்லும். நேரிய கருத்துரையை அடக்க அதனைக் கருவியாக்கலாகாது என 2020இல் உச்சநீதிமன்றம் கூறியது. பொதுவழியை வரம்பின்றி அடைத்து அமர்தல் உரிமையாகாது என்று அதே ஆண்டில் அம்மன்றமே கூறியதையும் மறத்தலாகாது.

திருச்சிராப்பள்ளிக்கு இத்துறையில் தனி வரலாறுண்டு. 1930 ஏப்பிரல் 13இல் இராசாசி உப்பு நடைப்பயணத்தை அங்கு மருத்துவர் தி. சே. சௌ. இராசன் இல்லத்திலிருந்தே தொடங்கினார். வழியிலிருந்த தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன், நடந்தோரை விடுத்து, அவர்கட்கு உணவும் உறையுளும் அளிப்போரைத் தண்டிப்பதாக எச்சரித்தார். முறையற்ற கூட்டத்திற் சேரவிருப்போர்க்கு இடமளித்தல் குற்றம் என்னும் தண்டனைச் சட்டப் பிரிவே அவர் கைக்கொண்ட கருவி. ஐவர்க்குக் குறையாதார் கூடிய கூட்டத்தை முறையற்றதாக்குவது அவர்தம் பொது நோக்கமேயன்றி, கூடுதல் அன்று என்பது இதனாற் புலனாகும். எட்டாண்டு கழித்து, 1938 ஆகஸ்டு 1இல் உறையூரிலிருந்து இந்தி எதிர்ப்புப் படை சென்னை நோக்கிப் புறப்பட்டபோது மாகாணத் தலைமை அமைச்சராய் இருந்தவர் அதே இராசாசி. அப்படையில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருந்தார். செப்டம்பர் 11இல் அது சென்னையை அடைந்தது.

நிபந்தனைகள் வெறும் இடையூறல்ல என்பதை, 2025 செப்டம்பர் 27இல் அண்டையிலுள்ள கரூரில் நிகழ்ந்த பரப்புரைக் கூட்ட நெரிசல் கொடிதாய் உணர்த்திற்று. 41 பேர் மாண்டனர். இடத்தின் அளவு, வருவோர் தொகை, வெளியேறும் வழி, தலைவர் வந்துசேரும் நேரம் ஆகியன உரிமத்தில் எழுதப்படுதல் கூடுவோர் உயிர்க்கே காப்பு. அனுமதி என்னும் சொல் இவ்விடத்தும் தீங்கு செய்கின்றது. கெஞ்சிப் பெற்ற தாளாகக் கருதுவோர், தாள் கைக்கு வந்தபின் நிபந்தனையைப் படிப்பதில்லை. அருளாகத் தருவதாகக் கருதும் அலுவலரோ, நிகழ்ச்சியின் முதல்நாள் மாலைவரை விடையிறுப்பதில்லை. அந்நேரத்தில் மறுப்பு வருமாயின் வழக்குமன்றம் செல்லக் காலம் ஏது?

ஆதலின் துறையூர் மன்றத்தார் தம் மனுவை 'ஊர்வல உரிமம் கோரும் விண்ணப்பம்' எனத் தலைப்பிட்டு எழுதுக. வழி, நேரம், தொகை, பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றைத் தாமே குறித்து, நாள் பல இருக்கவே கொடுத்து, ஒப்புகை பெறுக. மறுப்பாயின் அதனைக் காரணத்தோடு எழுத்தில் கேட்க. ஒலிபெருக்கிக்குத் தனி விதியுண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி அதற்கு எழுத்துவழி இசைவு வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் அது கூடாது. அந்த இசைவை அனுமதி என்று எழுதுவதில் நமக்குத் தடையில்லை.