அமெரிக்கா: மாநிலத்துக்கு மாநிலம் மாறும் துப்பாக்கிக் கணக்கு

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சாசனம் அளிக்கும் உரிமை. ஆனால் அந்த உரிமையை எல்லா மாநிலத்தவரும் ஒரே அளவில் பயன்படுத்துவதில்லை. மொன்டானா, வயோமிங், அலாஸ்கா ஆகிய மாநிலங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு வீடுகளில் துப்பாக்கி இருப்பதாக ராண்ட் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மாசசூசெட்ஸ், நியூஜெர்சி மாநிலங்களிலோ ஏழு வீடுகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது.

மதிப்பீடு என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேட்டை மத்திய அரசு ஏற்படுத்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. ஆகவே, 1998 இறுதியில் நடைமுறைக்கு வந்த எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைகளின் எண்ணிக்கையையே பலரும் விற்பனையின் அளவுகோலாகக் கொள்கின்றனர். இதில் ஏமாந்துபோக இடமுண்டு. சுமார் 45 லட்சம் மக்கள் வாழும் கென்டக்கியில் சோதனைகளின் எண்ணிக்கை 40 லட்சத்தைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல உரிமம் பெற்றவர்களை அம்மாநிலம் மாதந்தோறும் மறுசோதனை செய்வதே இதற்குக் காரணம். கடை விற்பனை அல்ல. மாறாக, தனியாருக்கிடையே நடக்கும் விற்பனைக்குச் சோதனை கட்டாயமில்லாத மாநிலங்களில் கைமாறும் துப்பாக்கிகள் பல எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

மாநில எல்லையைக் காட்டிலும் கிராமம், நகரம் என்ற பிரிவே அதிகம் உணர்த்துகிறது. பியூ ஆய்வு மையம் 2023இல் நடத்திய கணிப்பில் கிராமப்புறத்தவரில் 47 சதவீதத்தினரும், நகரவாசிகளில் 20 சதவீதத்தினரும் தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகக் கூறினர். வேட்டை மரபும், காவல் நிலையம் வெகுதொலைவில் இருப்பதும் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்கள். ஆனால் அதே கணிப்பில் வேட்டையை முக்கியக் காரணமாகக் கூறிய உரிமையாளர்கள் 32 சதவீதத்தினரே. தற்காப்பு என்றவர்கள் 72 சதவீதம். வேட்டை மரபு மட்டுமே இதை விளக்கிவிடாது.

சட்டமும் ஒரு காரணம். மாசசூசெட்ஸில் முதலில் காவல்துறையிடம் உரிமம் பெறவேண்டும். மொன்டானாவில் கடையில் பின்னணிச் சோதனையில் தேறினால் போதும். எனினும், கடுமையான சட்டம் துப்பாக்கிகளைக் குறைத்ததா, அல்லது துப்பாக்கி குறைவாக இருந்ததால்தான் அத்தகைய சட்டம் சாத்தியமாயிற்றா என்பதைப் பிரித்தறிவது எளிதல்ல.

பெருந்தொற்றும் போராட்டங்களும் அதிபர் தேர்தலும் ஒன்றுசேர்ந்த 2020இல் சோதனைகள் ஏறக்குறைய 4 கோடியை எட்டின. 2019 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை முதன்முறையாகத் துப்பாக்கி உரிமையாளர்களான சுமார் 75 லட்சம் பேரில் பாதிப்பேர் பெண்கள் என்று ஓர் ஆய்வு கண்டறிந்தது. வேட்டைக்காரர் என்ற பழைய சித்திரத்துக்குள் இவர்கள் அடங்குவதில்லை.

இந்த வேறுபாடு உயிரிழப்பிலும் தெரிகிறது. 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பெருநகரக் கொலைகள் பெறும் கவனம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை. மக்கள்தொகை விகிதப்படி இவ்வகைத் தற்கொலைகள் மொன்டானா, வயோமிங், அலாஸ்கா ஆகிய மாநிலங்களில் மிக அதிகம். நியூஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் மிகக் குறைவு.