ஒரு கிலோ குறைய எவ்வளவு கொடுக்கலாம்?

குருவிகுளத்திலிருந்து தினமும் பஸ் ஏறிக் கோவில்பட்டியில் படிப்பவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் இரண்டு மடிக்கணினிகளைக் காட்டுகிறார். ஒன்று 2 கிலோ. மற்றது 1 கிலோதான், விலையோ இருமடங்கு. அந்த ஒரு கிலோ எங்கே போயிற்று?

முதலில் கூட்டைக் கவனியுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், மக்னீசியம் 1.74 கிராம். பிளாஸ்டிக் இதைவிட லேசாயிற்றே என்பீர்கள். உண்மைதான். ஆனால் வளையாமலிருக்க அதற்குத் தடிமன் வேண்டும். மக்னீசியக் கலவை மெல்லிய தகடாகவே விறைத்து நிற்கும். அதை வார்ப்பதற்குத்தான் செலவு.

அடுத்தது உள்ளே. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறையிலிருந்து மடிக்கணினியை உருவிக் காட்டினார். எடை 1.36 கிலோ. நினைவகச் சில்லுகளைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருந்தார்கள். இடம் மிச்சம், ஆனால் பிற்பாடு நினைவகத்தைக் கூட்ட வழியில்லை. இன்றைய லேசான கணினிகள் பலவும் அப்படித்தான். சில்லு கெட்டால் பலகையையே மாற்றச் சொல்வார்கள்!

சிலவற்றில் விசிறியும் கிடையாது. கரிசல் காட்டுச் சித்திரை வெயிலில் நெடுநேரம் கனத்த வேலை கொடுத்தால், சில்லு சூட்டைத் தணிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பஸ்ஸில் நின்றபடியே போகும் தோளுக்கு ஒரு கிலோ பெரிதுதான். ஆயினும் இருமடங்கு விலை தேவையில்லை என்பது என் எண்ணம். 1.5 கிலோ அளவில், நினைவகம் மாற்றத்தக்கதாக ஒன்றைத் தேடுங்கள். சார்ஜரையும் சேர்த்தே தராசில் வையுங்கள். பழுதானால் கோவில்பட்டியிலேயே பார்ப்பார்களா, மதுரைக்கு அனுப்புவார்களா என்பதையும் பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.