கன்று காணாத கற்றாழை மரம்

கற்றாழை என்றதும் வேலியோரத்தில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் செடியே நம் நினைவுக்கு வரும். ஆனால் பத்து மீற்றர் உயரத்துக்கு மரமாக நிமிரும் கற்றாழையும் உண்டு. தென்னாபிரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள ரிக்டர்ஸ்வெல்ட் மலைகளும், ஒரேஞ்ச் ஆற்றுக்கு அப்பாலுள்ள நமீபியாவின் தென்பகுதியும் அதன் தாயகம். 1928 இல் 'அலோ பில்லன்சியை' எனப் பெயரிடப்பட்ட இம்மரம், 2013 இல் மரக் கற்றாழைகளுக்குரிய 'அலோயிடென்ட்ரான்' என்னும் பேரினத்தில் சேர்க்கப்பட்டது.

இம்மரம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கின்றது. முதிய மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. அவற்றின் இடத்தை நிரப்ப இளங்கன்றுகள் போதியளவு இல்லை. வறட்சி, ஆடு கழுதைகளின் மேய்ச்சல், சுரங்க வேலை, அழகுச் செடி விற்போரின் களவு ஆகிய யாவும் இதற்குக் காரணங்கள்.

நமது கற்றாழையின் அடியில் பக்கக் கன்றுகள் முளைக்கும். பிடுங்கி நட்டால் போதும். இம்மரம் அப்படிக் கன்று விடுவதில்லை. விதையே அதன் வழி. ஒக்டோபர் அளவில் இலைக்கொத்தின் கீழ் மஞ்சட் பூங்கொத்துகள் தொங்கும். கற்றாழைகளுட் பெரும்பாலானவை தம் சொந்த மகரந்தத்தால் நன்கு காய்ப்பதில்லை. எனவே வெவ்வேறு மரங்கள் ஒரே வேளையில் பூத்திருக்க வேண்டும். மரங்கள் அருகினால் விதையும் அருகும்.

நாற்றுமேடையில் இதை வளர்ப்பது கடினமன்று, பொறுமைதான் வேண்டும். புதிய விதையைத் தெரிந்தெடுங்கள். பருமணலுடன் சிறிதளவு உக்கிய பசளை கலந்து, ஆழமற்ற தட்டில் இடுங்கள். விதையைத் தூவி, அது மறையுமளவுக்கு மட்டும் மணலால் மூடுங்கள். மெல்லிய நிழலில் ஈரப்பதனாக வைத்தால் ஏறத்தாழ மூன்று வாரங்களில் முளைவிடும். அதன் பின்னர்தான் கவனம் தேவை. நீர் தேங்கினால் பங்கசு பிடித்து நாற்றுகள் அடியோடு சரியும். பல நாற்றுகள் மடிவது தாகத்தால் அல்ல, நம் தாராளத்தால்! சில இலைகள் வந்ததும் தனிச் சாடிக்கு மாற்றுங்கள். இது மாரிமழைத் தாவரம். குளிர்மாதங்களில் அளவாக நீர் ஊற்றி, கோடையில் பெரும்பாலும் உலரவிட வேண்டும்.

நாற்றுமேடை பாதி வேலையே. காட்டில் நாற்று பிழைக்க, வெயிலை மறைக்கும் பாறையிடுக்கோ பற்றையோ வேண்டும். ஆட்டின் வாய்க்கு எட்டாதிருக்கவும் வேண்டும். ரிக்டர்ஸ்வெல்டில் நாமா மக்கள் பருவத்துக்கேற்ப இடம்மாறி மந்தை மேய்ப்பவர்கள். அவர்களுக்குச் சொந்தமான 1,60,000 ஹெக்டயர் நிலம் 2007 இல் உலக மரபுரிமைத் தளமாக அறிவிக்கப்பட்டது. மந்தை எப்போது எங்கே செல்லவேண்டும் என்பதை அறிந்தவர்கள் அவர்களே. அவர்களை ஒதுக்கிவிட்டு எந்தக் கன்றையும் காப்பாற்ற முடியாது.

காட்டு மரங்களின் வர்த்தகத்தைச் சர்வதேச உடன்படிக்கை தடைசெய்துள்ளது. இச்செடியை விரும்புவோர், விதையிலிருந்து வளர்த்ததற்கு அத்தாட்சி உள்ளதையே வாங்க வேண்டும். நட்டவர் தம் வாழ்நாளில் முழு மரத்தைக் காணமாட்டார். ஆயினும் யாராவது இன்று விதைத்தால்தான் அவருடைய பேரப்பிள்ளைகள் காண்பார்கள்.