பட்டணத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் எங்கிருந்து வருவார்?

ரப்பர் தோட்டங்கள் கைமாறிய பின் குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம், சுங்கைப் பட்டாணி என வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. சில தோட்டப் பள்ளிகளும் உரிமத்தோடு பட்டணத்துக்கு இடம் மாறின. இன்று 150 மாணவருக்கும் குறைவான சிறிய பள்ளிகள் ஒருபுறம், பிள்ளைகள் நிரம்பி வழியும் நகரப் பள்ளிகள் மறுபுறம். நிரம்பிய வகுப்பைச் சமாளிக்கப் பாடமும் தெரிந்து, பிள்ளைகள் மீது பிரியமும் உள்ள ஆசிரியர் வேண்டும். அவர் உருவாவது ஐந்தாம் படிவத்தில்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியராக நேர்வழி, எஸ்.பி.எம். முடித்து ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் சேர்வது. ஓராண்டு ஆயத்த வகுப்பு, பிறகு நான்காண்டு பட்டப்படிப்பு. மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. தேர்வில் மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வும் சேரும். ஆனால் தமிழ்ப்பள்ளிப் பிரிவுக்கு எஸ்.பி.எம். தமிழ்மொழியில் கிரெடிட் கட்டாயம். பலர் நழுவுவது இங்கேதான். "தமிழில் ஏ கிடைக்காது, மொத்த ரிசல்ட்டும் கெட்டுப்போகும்" என்ற பேச்சைக் கேட்டு நான்காம் படிவத்திலேயே தமிழைக் கைவிடுகிறார்கள். பிறகு ஆசிரியராக ஆசை வந்தாலும் அந்தக் கதவு திறப்பதில்லை. பெற்றோரும் இதற்குப் பொறுப்பு.

சில இடைநிலைப் பள்ளிகளில் தமிழ் வகுப்பே இருப்பதில்லை. 1996 கல்விச் சட்டப்படி ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்த வழி உண்டு. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், யார் போய்க் கேட்பது என்று இருந்துவிடுகிறார்கள். பட்டணத்தில் 15 பெற்றோரைத் திரட்டுவது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை.

பயிற்சி முடித்தவரைப் பட்டணத்தில் தக்கவைப்பது அடுத்த தலைவலி. கோலாலம்பூர், சிலாங்கூர் வாடகையைப் பார்த்ததும் புதியவர் சொந்த ஊருக்கு இடமாற்றம் கேட்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பள்ளிக்கு அருகில் குறைந்த வாடகை அறை பார்த்துக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

ஆர்வம் உண்மையானதா என்று சோதிக்கவும் வழியுண்டு. பிரசவ விடுப்பில் போகும் ஆசிரியருக்குப் பதிலாக மாற்று ஆசிரியர் எடுக்கப்படுவதுண்டு. அரசாங்க வேலை என்றால் போதும் என்று வந்தவர் முதல் வாரத்திலேயே சோர்ந்துவிடுவார். பெருக்கல் புரியாத பிள்ளைக்கு மூன்றாவது முறையும் முகம் சுளிக்காமல் சொல்லிக் கொடுப்பவரை, வகுப்புக்கு வெளியே நிற்கும் பெற்றோரே அடையாளம் கண்டுகொள்வார்கள்.