கப்பல் தலைவர்களுக்குக் கட்டிய வீடுகள்

இல்ஃபோர்டிலிருந்து 25ஆம் எண் பஸ்ஸில் லண்டனுக்குள் வரும் நம்மவர்களில் பலர் ட்ரினிட்டி கிரீனைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். மைல் எண்ட் சாலையில், வலப்பக்கம், இரும்பு வேலிக்குப் பின்னால் இருக்கிறது. நடுவே புல்தரை, இருபுறமும் எதிரெதிராகச் சின்னச் செங்கல் வீடுகள், கோடியில் ஒரு தேவாலயம். சாலையைப் பார்த்த சுவர்களின் உச்சியில் பாய்மரக் கப்பல் பொம்மைகள்.

கலங்கரை விளக்கங்களைப் பராமரிக்கும் ட்ரினிட்டி ஹவுஸ் 1695இல் கட்டியது இது. நிலம் கொடுத்தவர் கேப்டன் ஹென்றி மட். வயதான காலத்தில் கையில் காசில்லாமல் நின்ற கப்பல் தலைவர்களுக்கும், அவர்களின் விதவைகளுக்கும் 28 வீடுகள்.

வாசற்படிகளைப் பாருங்கள். அடியில் நிலவறை இருப்பதால் படியேறித்தான் கதவுக்குப் போக வேண்டும். ஏழைகளுக்குத்தானே என்று ஒரே கூடத்தில் வரிசையாகக் கட்டில் போட்டுவிடவில்லை. ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு அடுப்படி. ஒரு காலத்தில் கப்பல் முழுவதையும் அதட்டி வேலை வாங்கியவர் இங்கே தன் கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே போனார். கொடுத்தவர்கள் வாங்குகிறவரின் மானத்தையும் நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். இன்று வசதியுள்ளவர்கள் இவற்றை விரும்பி வாங்குவதற்கும் அந்த அக்கறைதான் காரணம் என்பேன்.

1895இல் இவற்றை இடித்துவிட ட்ரினிட்டி ஹவுஸே முடிவு செய்தது. அதே சாலையில் கைவினைப் பட்டறை நடத்திய சி. ஆர். ஆஷ்பி விடவில்லை. போராடிக் காப்பாற்றினார். அப்போது அவர் எழுதிய ஆவணம்தான், லண்டன் கட்டடங்களைப் பதிவு செய்யும் 'சர்வே ஆஃப் லண்டன்' நூல் வரிசைக்கே தொடக்கம். பிறகு இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்தது. லண்டன் கவுண்டி கவுன்சில் பழுது பார்த்தது. இப்போது பல வீடுகள் தனியார் சொந்தம். சில இந்தப் பகுதியின் டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில் வசம்.

பாதுகாப்புப் பட்டியலில் முதல் தரம் என்பதால், சொந்தக்காரரே ஆனாலும் உள்சுவரை இடிக்க, பழைய சன்னலைக் கழற்ற அனுமதி வாங்க வேண்டும். மீறினால் கிரிமினல் குற்றம். நல்ல சட்டம்தான். ஆனால் உள்ளே யார் குடியிருக்க வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. முதிய மாலுமிகளுக்கு ட்ரினிட்டி ஹவுஸ் இன்றும் வீடு தருகிறது, கென்ட் கடற்கரை ஊரான வால்மரில். இங்கே மிஞ்சியுள்ள கவுன்சில் வீடுகளையாவது விற்காமல் வாடகைக்கு விட்டுவைக்க வேண்டும். வீட்டுக்காகப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் டவர் ஹாம்லெட்ஸில் ஏராளம்.